சீல் புதுசு, புகை பழசு: 65 சிசி டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

ஒன்பது வயதுப் பையன் ஓட்டும் 65 சிசி டர்ட் பைக். டூ-ஸ்ட்ரோக், ரேடியேட்டர் வைத்தது, ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் தகடு), ஆறு கியர். தனி ஆயில் பம்ப் கிடையாது. டூ-ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கையேடு கேட்பது 1:40 கலவை, கியர் பெட்டிக்கு 500 மி.லி. ஆயில். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீடு பெங்களூர் அல்சூரில். ஞாயிறுதோறும் கோலார் ரோடு பக்கம் ஒரு மண் தளத்தில் பயிற்சி. பதிவெண் இல்லாத வண்டி, ஆகவே டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள்.

புகார் இதுதான்: எஞ்சின் சூடான பிறகும் புகை நிற்பதில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளக் நனைந்து வண்டி நின்றுவிடுகிறது. வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தால் மாடிவீட்டுக்காரர் "ஹொகெ, ஹொகெ" என்று ஜன்னலைச் சாத்துகிறாராம். (நம்முடைய புகைதான் கன்னடத்தில் ஹொகெ, பகரம் ஹகரம் ஆனதோடு சரி.)

பட்டறைக்கு வருமுன் நடந்தவை

மூன்று மாதத்தில் இரண்டு கடைகள் கைவைத்திருந்தன. தகப்பனார் பில்களைப் பத்திரமாக வைத்திருந்ததால் வரிசை தெளிவாகக் கிடைத்தது.

முதல் கடையில், "ஆயில் ஜாஸ்தி சார், கம்மி பண்ணுங்க" என்று 1:40 கலவையை 1:60 ஆக்கினார்கள். அதாவது லிட்டருக்கு 25 மி.லி. ஊற்றிய இடத்தில் 17 மி.லி. புகை கொஞ்சம் மெலிந்தது, பிளக் மட்டும் கறுப்பாகவே வந்தது. கறுப்பு பிளக் என்றால் ரிச் (காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்) என்று முடிவுகட்டி, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை இரண்டு அளவு குறைத்தார்கள்.

இரண்டாவது கடை விஷயத்துக்குக் கிட்டே வந்தது. கியர் ஆயில் குறைவதைக் கவனித்து, கிளட்ச் பக்கத்து கிராங்க் சீலை மாற்றினார்கள். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையையும் (கிராங்க் கேஸ்) கியர் பெட்டியையும் பிரித்துவைப்பது அந்தச் சீல்தான்; அது போனால் கியர் ஆயில் எஞ்சினுக்குள் போய் எரியும். அதன் பிறகும் புகை அப்படியே. "பிஸ்டன் ரிங் போயிருக்கும், போர் போடணும்" (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) என்று சொன்னபோதுதான் தகப்பனார் வண்டியை இங்கே கொண்டுவந்தார்.

முதல் நாள்: ஸ்டார்ட் செய்வதற்கு முன்

வந்தவுடன் கிக்கரை மிதித்துப் புகையைப் பார்க்கத்தான் கை போகும். பார்க்கவில்லை. ஆயில் குறைத்து, ஜெட்டும் குறைத்து ஓடிய டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் எந்த நிமிஷமும் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளலாம். முதலில் எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றி, டார்ச் அடித்து, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக பிஸ்டனைப் பார்த்தோம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் மேலிருந்து கீழாக நாலைந்து மெல்லிய கீறல்கள். ரிங் இன்னும் பள்ளத்தில் அசைந்தது. போர்ட்டின் ஓரத்தில் தார் போன்ற கறுப்புக் குழம்பு.

அன்று எடுத்த முடிவு இரண்டு. மெயின் ஜெட்டைப் பழைய அளவுக்குத் திருப்புவது. கலவையை 1:40க்குக் கொண்டுவருவது, அதுவும் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எஃப்டி தர ஆயிலில். காரணம், பிஸ்டனைக் காப்பாற்ற வேண்டும். அதோடு, மற்றவர்கள் செய்த மாற்றங்களை நீக்கினால்தான் மூலக்கோளாறு மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஜாசோ தரத்தில் எஃப்பி ஆயிலுக்குப் புகைக் குறியீடு குறைந்தது 45 இருந்தால் போதும். எஃப்சி, எஃப்டி இரண்டுக்கும் 85 வேண்டும், எண் கூடினால் புகை குறைவு. எஃப்டி ஊற்றியும் புகை அடர்த்தியாக வந்தால், குற்றம் 2டி ஆயிலின் மேல் இல்லை என்று ஒதுக்கிவிடலாம்.

ஜெட் விஷயத்தில் ஒரு வார்த்தை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று மெலிசு, அதனால் கலவை கொஞ்சம் ரிச் பக்கம் சாயும் என்பது உண்மைதான். ஆனால் 2023 பிப்ரவரியில் இதே ஊரில் தொடங்கிவைத்த இ20 பெட்ரோல்தான் இன்று பங்க்குகளில் கிடைப்பது. 20 சதவீத எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது, கலவையை லீன் (பெட்ரோல் குறைந்த) பக்கம் இழுக்கிறது. ஒன்று மேலே, ஒன்று கீழே. உயரத்தை மட்டும் சொல்லி ஜெட்டைக் குறைக்க இங்கே இடமில்லை.

புகையில் கண்டது

குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட். முதல் மூன்று நிமிஷப் புகையைக் கணக்கில் எடுக்கவில்லை, எந்த டூ-ஸ்ட்ரோக்கும் அவ்வளவு விடும். பத்து நிமிஷம் கழித்து ரேடியேட்டர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தபோதும் நீலம் கலந்த வெண்புகை அதே அடர்த்தியில் வந்தது. ஐடிலில் அரை நிமிஷம் விட்டு திராட்டிலைத் திறந்தால் பெரிய மேகமாகக் கிளம்பியது. திராட்டில் மூடியிருக்கும்போது கிராங்க் கேஸில் உறிஞ்சல் அதிகம். எதையோ உள்ளே இழுக்கிறது என்பதற்கு அது முதல் குறி.

வெள்ளை தண்ணீர், நீலம் ஆயில், கறுப்பு பெட்ரோல் என்று ஒரு பாடம் எல்லாப் பட்டறையிலும் ஓடும். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு அது சரி. டூ-ஸ்ட்ரோக் ஆயிலை எரித்துத்தான் பிழைக்கிறது. 2டி ஆயில் அதிகமானாலும் அந்த நிறம், கியர் ஆயில் போனாலும் கிட்டத்தட்ட அதே நிறம். நிறத்தை வைத்து ஒதுக்க முடிந்தது தண்ணீரை மட்டும்: நீராவி வெளியே வந்து இரண்டடியில் கரைந்துவிடும், இது ஷெட்டின் ஓட்டடியில் போய்த் தங்கியது. கூலன்ட் எரிந்தால் வரும் இனிப்பு வாசனையும் இல்லை. ரேடியேட்டரில் குறித்துவைத்த மட்டம் ஓட்டத்துக்குப் பின் ஆறவைத்துப் பார்த்தபோது இம்மியும் இறங்கவில்லை. கியர் ஆயில் பால் போல வெளுக்காததால் தண்ணீர் பம்ப் சீலும் தப்பித்தது.

எது குறைகிறது என்று அளந்தது

முதலில் பெட்டியில் இருந்த கியர் ஆயிலை வடித்தோம்: 290 மி.லி. கடைசியாக எவ்வளவு ஊற்றினார்கள் என்பது பில்லில் இல்லாததால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லேசான பெட்ரோல் வாசனை மட்டும் அடித்தது.

புதிதாக அளந்தது இப்படி. அளவு குடுவையில் 500 மி.லி. ஊற்றி, எஞ்சினை ஓட்டாமல், கிக்கரைப் பத்துத் தடவை மிதித்து, உடனே வடித்தால் எவ்வளவு திரும்பி வருகிறது? 480 மி.லி. ஆக 20 மி.லி. பல்லிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் அளந்தால் ஒட்டிக்கொண்டதும் கசிவுக் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு மறுபடி 500 ஆக்கி, தளத்தில் இருபது இருபது நிமிஷமாக மூன்று தடவை, முழு திராட்டில் கொடுக்காமல் ஒரு மணி நேர ஓட்டம். சூட்டோடு, வண்டியை வடிகால் பக்கம் சாய்த்து, இருபது நிமிஷம் வடித்ததில் வந்தது 395 மி.லி.

85 மி.லி. காணோம். கேஸின் வெளிப்பக்கம் துடைத்துப் பவுடர் தூவியிருந்தோம், எங்கும் ஈரம் இல்லை. கியர் பெட்டி மூச்சுவிடும் பிரீதர் குழாயின் முனையில் கட்டிய துணியும் காய்ந்தே இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் செலவான பெட்ரோல் 2.2 லிட்டர். 1:40 கணக்கில் அதிலிருந்த 2டி ஆயில் 55 மி.லி. காணாமல் போன 85ஐயும் சேர்த்தால் 140. அப்படியானால் எஞ்சின் உண்மையில் எரித்த விகிதம் சுமார் 1:16. பிளக் ஏன் சாகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. முதல் கடையில் குறைத்தது லிட்டருக்கு 8 மி.லி.; கள்ள வழியில் உள்ளே போனது லிட்டருக்கு சுமார் 39 மி.லி.

வடித்த ஆயிலில் பெட்ரோல் வாசனை இருந்ததால் 85 என்பதும் குறைத்துச் சொன்ன எண்ணாகவே இருக்கும். பிஸ்டன் ஏறும்போது கிராங்க் கேஸ் உறிஞ்சும், இறங்கும்போது ஊதும். ஓட்டை ஒன்று இருந்தால் போக்கும் உண்டு, வரத்தும் உண்டு.

அழுத்தச் சோதனை

கிளட்ச் பக்கம்தான் என்று தெரிந்தாலும், புதுச் சீல் போட்ட இடத்தை நம்பிக்கையில் மறுபடி திறப்பது சரியில்லை. சிலிண்டர் பேஸ், ரீட் பிளாக், கிராங்கின் மறுமுனையில் உள்ள மேக்னட் பக்கச் சீல் எல்லாவற்றையும் ஒரே சோதனையில் கேட்டுவிடலாம்.

விலை உயர்ந்த கருவி தேவைப்படவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பிபி மீட்டரின் பல்பும் டயலும் போதும். டயல் 300 மி.மீ. பாதரசத்தோடு முடிகிறது, அது சுமார் 5.8 பிஎஸ்ஐ, டூ-ஸ்ட்ரோக் கசிவுச் சோதனைக்கு வேண்டியது 5 அல்லது 6 பிஎஸ்ஐதான். இதற்கு கம்ப்ரஸர் காற்றைப் பிடிப்பவர்கள் சீலைப் பிதுக்கித் தள்ளிவிடுவார்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டை விரியும் ரப்பர் அடைப்பானால் மூடி, கார்பரேட்டரைக் கழற்றிய ரப்பர் வாயில் குழாய் செருகிய கட்டையை கிளிப் போட்டு இறுக்கினோம். பிஸ்டன் கீழ் மட்டத்தில், டிரான்ஸ்ஃபர் போர்ட்கள் திறந்திருக்கும்படி. அப்போதுதான் கிராங்க் கேஸும் சிலிண்டரும் ஒரே அறையாகும்.

260 வரை ஏற்றி நிறுத்தினால், அரை நிமிஷத்தில் 100. நல்ல எஞ்சின் ஆறு நிமிஷம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சோப்புத் தண்ணீர் தெளித்ததில் பேஸ், ஹெட், ரீட் பிளாக், மேக்னட் பக்கம் எங்கும் குமிழ் இல்லை.

அடுத்து, கியர் பெட்டியின் பிரீதர் குழாயை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டோம். பல்பை அழுத்த அழுத்த டம்ளரில் குமிழ் வந்தது, நிறுத்தினால் மெல்ல அடங்கியது. கிளட்ச் கவரின் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. கிராங்க் கேஸ் காற்று கியர் பெட்டிக்குள் போகிறது என்பது உறுதியாகிவிட்டது.

திறந்தபோது

கிளட்ச் கவர், பிளேட்கள், ஹப், பிறகு பிரைமரி கியர். பிரைமரி கியர் நட் சில வண்டிகளில் இடது மரை. கையேட்டைப் பார்க்காமல் இம்பாக்ட் கன் வைத்தால் கிராங்க் முனை போகும். பற்களுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவர் கொடுத்துப் பூட்டுவதும் கூடாது. மடித்த செம்புத் தகடு போதும்.

கியரை எடுத்தபின், சீலுக்குள் கிராங்க் தண்டின் மேல் ஒரு எஃகு காலர் இருக்கும். சீலின் உதடு உரசுவது அந்தக் காலரின் மேல்தான். காலரை எடுக்காமல் மறுபடி அழுத்தம் ஏற்றினோம். சோப்புத் தண்ணீரில் சீலின் உதடு அசையவில்லை. குமிழ் வந்தது காலருக்கும் தண்டுக்கும் நடுவிலிருந்து, ஸ்ப்ளைன் (தண்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) பள்ளங்கள் வழியாக.

ஆக, சீல் நல்லது. ஓட்டை சீலுக்குள்ளே, காலருக்குக் கீழே. அங்கே இருக்க வேண்டியது ஒரு ஓ-ரிங், சின்ன ரப்பர் வளையம்.

காலரை உருவினால் கதை முழுக்க அதிலேயே இருந்தது. வெளிப்பரப்பில் பழைய சீல் தேய்த்த ஒரு பள்ளம், நகம் வைத்தால் மாட்டும். ஆனால் புதுச் சீலின் உதடு ஓடிய பளபளப்பான கோடு அதிலிருந்து இரண்டு மி.மீ. தள்ளி, தேயாத பரப்பில். அதாவது சீல் மாற்றியவர் காலரைத் திருப்பிப் போட்டிருக்கிறார். தெரியாமல் செய்ததல்ல, தெரிந்தே செய்தது: பழைய பள்ளத்தில் புதுச் சீல் உட்காரக்கூடாது என்று காலரைப் புரட்டிவிடுவது மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்யும் நல்ல வித்தைதான். இரண்டு முனையும் ஒரே மாதிரி உள்ள காலரில் அது பலிக்கும். இந்தக் காலரில் ஒரு முனையின் உள்விளிம்பு மட்டும் சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறது. அந்தச் சாய்வு பேரிங்கைப் பார்த்து இருந்தால் ஓ-ரிங்கை தண்டோடு சேர்த்து அமுக்கும். புரட்டினதால் சாய்வு வெளியே போய், தட்டை முனை ஓ-ரிங்கின் மேல் ஏறியிருந்தது. ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, இன்னொரு பக்கம் அறுந்து, ஒரு துண்டு காணாமலே போயிருந்தது.

முதலில் புகைத்தது பழைய சீல், பிறகு புகைத்தது ஓ-ரிங். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே புகை.

செய்த வேலை

புதுக் காலர், புது ஓ-ரிங், இரண்டு பக்கச் சீல்களும். கழற்றிய சீலை மறுபடி போடுவதில்லை. மேக்னட் பக்கச் சீல் அழுத்தத்தில் தேறியதுதான், ஆனாலும் அந்தப் பக்கம் கசிந்தால் உள்ளே போவது ஆயில் அல்ல, காற்று. லீனாகி பிஸ்டன் பிடிக்கும். அதனால் அதையும் மாற்றுவது என்று முடிவு. ஓ-ரிங்கும் சீல்களும் விட்டான் ரப்பரில் கேட்டு வாங்கப்பட்டன. சூட்டுக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் சாதாரண நைட்ரைலைவிட அது தாங்கும். ஓ-ரிங்கின் விலை ஒரு டீக்கும் பன்னுக்கும் ஆகிற காசு.

காலர் ஆர்டர் போட்டு வர 11 நாள் ஆனது. ஜே.சி. ரோடு பக்கம் லேத்தில் கடைந்துகொள்ளலாமே என்று தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. மறுத்ததற்குக் காரணம் உண்டு: லேத் டூல் பரப்பில் விடுவது நுண்ணிய திருகு வரி. தண்டு சுற்றும்போது அந்த வரியே மரை மாதிரி வேலை செய்து ஆயிலை ஒரு பக்கமாக நகர்த்தும். சீல் ஓடும் பரப்பு கடினப்படுத்தி, திருகு வரி விழாதபடி கிரைண்டிங் செய்ததாக இருக்க வேண்டும்.

மெயின் பேரிங் தளர்ந்திருந்தால் எந்தச் சீலும் நிலைக்காது என்பதால், டயல் கேஜ் வைத்துத் தண்டு முனையைச் சுற்றிப் பார்த்தோம். சுற்றும்போது கோணல் 0.02 மி.மீ.தான், மேலும் கீழும் ஆட்டமில்லை. எஞ்சினைப் பிளக்க வேண்டியதில்லை என்று விட்டோம்.

போர் போடும் பேச்சுக்கே இடமில்லை. சிலிண்டரின் உட்சுவர் நிக்கல் பூச்சு. கடைந்தால் பூச்சு போய்விடும். ஒட்டியிருந்த அலுமினியத் தீற்றல் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் கொஞ்சம் ஆயில் தொட்டுத் தேய்க்க வந்துவிட்டது. சிலிண்டரில் பொறித்திருந்த எழுத்துக்கு ஒத்த அளவில் புது பிஸ்டன். பழைய ரிங்கின் இடைவெளி 0.45 மி.மீ., புதியது 0.20.

பூட்டும்போது ஸ்ப்ளைன் மேல் மெல்லிய டேப் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவித்தான் ஓ-ரிங்கை ஏற்றினோம். வெறுமனே தள்ளினால் ஸ்ப்ளைன் முனை பிளேடு மாதிரி சீவிவிடும். பூட்டிய பின் மறு சோதனை: 260 ஏற்றி ஆறு நிமிஷத்தில் 250. பிறகு பிரேக் ப்ளீடிங் செய்யும் கைப் பம்பால் 180 மி.மீ. வெற்றிடம் இழுத்து ஐந்து நிமிஷம், இறங்கியது 10. அழுத்தத்தில் உதட்டை இறுக்கிக்கொள்ளும் சீல் உறிஞ்சலில் விட்டுக்கொடுக்கலாம், ஆகவே இரண்டும் பார்க்க வேண்டும்.

பிறகு நடந்தது

ஸ்டார்ட் செய்தால், பழையபடி புகை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம். "அண்ணா, மறுபடி அதேதானே?" என்று தகப்பனார் முகம் வாடிவிட்டது, கவரை மறுபடி திறக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. திறக்கவில்லை. சோதனையில் நின்ற எண்ணை நம்பி, கியர் ஆயிலை வடித்து அளந்தோம். 480. சொட்டு குறையவில்லை.

அப்படியானால் எரிவது உள்ளே போகும் ஆயில் அல்ல, ஏற்கெனவே வெளியே போன ஆயில். எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றி, இரவு முழுக்கத் தலைகீழாகத் தொங்கவிட்டதில் 90 மி.லி. கறுப்புத் திரவம் இறங்கியது. சைலன்சர் முனையின் கண்ணாடிப் பஞ்சு பிழிந்தால் வடியும் நிலையில் இருந்தது, அதை மாற்றினோம். மறுநாள் ஸ்டார்ட்டில் மெல்லிய புகை. நாலாவது நிமிஷம் சைலன்சர் வாயில் பிடித்த வெள்ளை அட்டையில் மங்கலான சாம்பல் வட்டம் மட்டும்.

பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் வடித்த கியர் ஆயில் 475 மி.லி., பெட்ரோல் வாசனை இல்லை. அதே பிளக் இன்னும் ஓடுகிறது, பீங்கான் பழுப்பு நிறத்தில். கலவை 1:40, ஜெட் கையேட்டு அளவு.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

வரிசை தவறியது. கீறல் விழுந்த பிஸ்டனோடு ஒரு மணி நேரம் ஓட்டி அளந்தது தேவையற்ற ஆபத்து. கால் மணி நேரத்தில் முடியும் டம்ளர் சோதனையை முதலில் செய்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம். அளவு பார்ப்பது வீட்டில் செய்யத் தோதான சோதனை; பட்டறையில் பிபி பல்புதான் முதலில் கையில் எடுக்க வேண்டியது.

பைப்பையும் சைலன்சர் பஞ்சையும் புது பாகங்கள் போட்ட அன்றே சுத்தம் செய்திருக்க வேண்டும். காலர் வர 11 நாள் காத்திருந்தபோது பைப் ஷெட்டின் மூலையில் சும்மாதான் கிடந்தது.

பில்லில் "சீல் மாற்றம்" என்று மட்டும் இருந்தால், ஓ-ரிங் மாற்றினார்களா, காலர் எந்தப் பக்கம் போட்டார்கள் என்று போன் போட்டுக் கேட்பது. இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் "காலரைத் திருப்பிப் போட்டோம்" என்று அவர்களே பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். இப்போது காலரின் சாய்வு முனையைக் காட்டும் போட்டோ ஒன்று இந்த வண்டியின் கையேட்டில், கிளட்ச் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.